மனோகரனுக்குக் கட்டிய பரிவட்டம்

ரெங்கம், ஜொகூர், மலாயா
8-3-1934

அன்புள்ள கமலாம்பிகைக்கு,

பேரன் பிறந்த சேதி கிடைத்து மனம் குளிர்ந்தது. மகள் தனலெட்சுமி பத்தியம் தவறாமல் இருக்கட்டும். இங்கே ராசம்மா வந்து சமைத்துப் போடுகிறாள். உன் கைப்பக்குவத்துக்கு ஏங்கிக்கொண்டே சாப்பிடுகிறேன்.

ரப்பர் தோட்டத்து இளவட்டங்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து வெட்டுக்குத்தில் இறங்கிவிட்டார்கள். விளக்கு வைத்ததும் டவுனில் கடைகளைச் சாத்திவிடுகிறார்கள். கணக்கெழுதும் கிராணிதான் என்றாலும், கோயில் தலைவன் என்ற முறையில் ஒரு யோசனை செய்தேன். பங்குனித் திருவிழாவில் முதல் மரியாதையை மனோகரனுக்கே கொடுக்கப்போகிறோம். ஒரு கூட்டத்துக்குத் தலைவன் அவன். பரிவட்டம் கட்டினால் பொறுப்பு வந்துவிடும் அல்லவா?

உன் வைத்தியலிங்கம்


ரெங்கம்
6-4-1934

கமலம்,

எப்படி எழுதுவேன்? முதல் மரியாதை தங்களுக்கு இல்லையா என்று மற்றக் கூட்டம் ஊர்வலத்தை மறித்தது. விலக்கப்போன சதாசிவத்தை, நம் ராசம்மாவின் புருஷனை, மனோகரன் குத்திக் கொன்றுவிட்டான். நான் கட்டிய பரிவட்டம் அவன் தலையில் அப்படியே இருந்தது. ஊரே பார்த்தது. ஒருவரும் சாட்சிக்கு வரவில்லை.

"கிராணி ஐயா, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க? போலீஸ்ல சொல்லுவீங்கல்ல?" என்று ராசம்மா கேட்டாள். சொல்கிறேன் என்றேன்.

வைத்தியலிங்கம்


சாவகச்சேரி, யாழ்ப்பாணம்
24-4-1934

என் அன்பு நாயகருக்கு,

கடிதம் கண்டு இரண்டு நாள் எழும்பவில்லை. எனக்குக் காய்ச்சல் கண்டபோது கொட்டும் மழையில் டாக்டரைக் கூட்டிவந்தது அந்தச் சதாசிவம்தானே? ரவுடிக்குப் பரிவட்டம் கட்ட உங்களுக்கென்ன விசரோ? யார் சொல்லாவிட்டாலும் நீங்கள் சாட்சி சொல்லுங்கள். சொல்லிவிட்டு வேலையை விட்டு வாருங்கள். கஞ்சி குடித்தாலும் நிம்மதியாய்க் குடிப்போம்.

பேரனுக்கு உங்கள் மூக்கு.

உங்கள் கமலாம்பிகை


ரெங்கம்
12-5-1934

கமலம்,

நீ சொன்னபடி என்னால் செய்ய முடியவில்லை. போலீஸ் வரும் முன்பே மனோகரனின் ஆட்கள் இருவர் நம் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். "கிராணிக்குப் பேரன் பொறந்திருக்கானாமே, எப்ப கூட்டிட்டு வர்றாங்க?" என்று ஒருவன் சிரித்தபடி கேட்டான். அவ்வளவுதான். சுவாமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறொன்றும் தெரியாது என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டேன். உள்ளே அடுப்படியில் ராசம்மா நின்றிருந்தாள்.

சாட்சி இல்லாததால் அவனை விட்டுவிட்டார்கள். அடுத்த வருஷமும் அவனுக்கே மரியாதை என்று நேற்றுக் கோயில் கூட்டத்தில் முடிவாயிற்று. நானும் மறுக்கவில்லை. வேலையை விடவும் முடியவில்லை, மாற்று ஆள் வரும்வரை துரை விடமாட்டாராம். நீ இங்கே வராதே. குழந்தையோடு வரவே வராதே.

ராசம்மாவுக்கு வேறு போக்கிடம் இல்லை. இன்றும் வந்து சோறாக்கினாள். என் முகத்தைப் பார்க்காமலே, "இன்னுங் கொஞ்சம் போடவா ஐயா?" என்று கேட்டாள்.

போடு என்றேன்.

வைத்தியலிங்கம்