இருபத்தேழாம் எண் செடி

நேற்று மதியம் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மாணவி அந்தப் பழுப்புப் புட்டியைத் திறந்து, மூட மறந்துவிட்டுப் போய்விட்டாள். அழுகிய முட்டையும் கருகிய ரப்பரும் கலந்த நாற்றம் வராந்தா வரை வந்தது. இலையிலிருந்து டி.என்.ஏ. பிரிக்கும்போது கரைசலில் நாலு சொட்டு விடுவோமே, அதுதான். அதற்கு நீளமான வேதிப்பெயர் ஒன்று உண்டு. நாம் இருவரும் அதை 'நாத்தம்' என்றுதான் சொல்லுவோம். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். நான் போய்ப் புட்டியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

உன் துப்பட்டாவில் எப்போதும் அந்த வாடை இருக்கும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்னால் போய்விடுவார்கள். நீ நகர்ந்து எனக்கு இடம் கொடுப்பாய். "நல்லதுதான்டி, நிக்காம போவலாம்" என்பாய்.

விழுப்புரத்தில் தாவரவியல் படித்தபோதே நாம் இருவரும் எதிரெதிர்த் திசையில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் சொந்த நிலம். எனக்கு வயல் ஆராய்ச்சி பிடித்தது. உன் அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். உனக்கு வயலைப் பார்க்கவே பிடிக்காது. முனைவர் பட்டத்துக்கு ஒரே பேராசிரியரிடம் சேர்ந்தபோது வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. நீ யோசிக்கவே இல்லை. "எங்க அம்மா குனிஞ்சது போதும்டி. நான் உள்ள உக்காந்து பாக்கறேன். வெயில்ல நீ பாரு" என்றாய்.

அப்படித்தான் ஆனது. திண்டிவனத்துக்கு வெளியே ஒரு விவசாயியிடம் எடுத்த குத்தகை நிலத்தில் நான் நிலக்கடலைச் செடிகளை, நம் பக்கத்து மல்லாட்டையை, ஒட்டுச் சேர்த்தேன். அதிக மகசூல் தரும் ரகத்தின் பூவில், துரு நோயைத் தாங்கும் ஒரு காட்டு வகையின் மகரந்தம். அதில் பிறந்த செடிகளுக்கு எண் கொடுத்து, விதை எடுத்து, பருவம் தவறாமல் பட்டத்துக்குப் பட்டம் விதைத்தேன். எந்தச் செடியில் நோயைத் தாங்கும் மரபணு வந்திருக்கிறது என்பதை நீ விழுப்புரத்து ஆய்வகத்தில் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நம் இருவருக்கும் ஆய்வேடு.

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் உன்னிடம் ஒருமுறைகூட முழுதாகச் சொன்னதில்லை.

மல்லாட்டை நிலத்தில் ஒரு தொல்லை உண்டு. எவ்வளவு கவனமாகப் பிடுங்கினாலும் சில காய்கள் மண்ணுக்குள் தங்கிவிடும். அடுத்த பட்டத்தில் அவை தானாக முளைக்கும். அதனால் ஆராய்ச்சி வயலில் விதைக்கும் முன் தண்ணீர் விட்டுப் பத்து நாள் காத்திருந்து, முளைத்ததையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகே நம் விதை. அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. ஈரம் போய்விடுமோ என்ற பயம் எனக்கு. பிடுங்க ஆளும் இல்லை. அமாவாசை என்று எல்லோரும் மேல்மலையனூர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்த மறுநாள், பத்து நாள் காத்திருந்து பிடுங்காமல், நான் நேரே விதைத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து நீ இலை பறிக்க வந்தாய். வரப்பில் நின்றபடியே கேட்டாய்: "முளைக்க வுட்டுப் புடுங்கிட்டியா?"

"ம், ஆச்சி" என்றேன்.

அந்தப் பட்டத்தில் துரு கடுமையாக வந்தது. இலையின் அடியில் செம்பழுப்புத் தூள். கையை வைத்தால் கையெல்லாம் ஒட்டும். வரிசை வரிசையாகச் செடிகள் கருகின. இருபத்தேழாம் எண் மட்டும் பச்சையாக நின்றது. நான் உனக்கு போன் செய்து கத்தினேன். நீ மதிய பஸ்ஸில் வந்துவிட்டாய். வயல் பிடிக்காத நீ, அந்தச் செடிக்கு எதிரே மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தாய். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அதன் விதையைப் பெருக்கி இரண்டு பட்டம் போட்டுப் பார்த்தோம். துரு வரவில்லை. பேராசிரியர் கட்டுரை எழுதச் சொன்னார். எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினோம். விக்கிரவாண்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் விதை கேட்டு நச்சரித்தபோது, உன்னைக் கேட்காமலேயே ஒரு பை கொடுத்தேன்.

இதழுக்காகக் கட்டுரையைப் படித்துப் பார்த்தவர்கள் ஒரே ஒரு சோதனையைக் கூடுதலாகக் கேட்டார்கள். இருபத்தேழு உண்மையிலேயே அந்தத் தாய் தந்தையின் பிள்ளைதானா என்று டி.என்.ஏ.வில் காட்ட வேண்டும். அது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தோம். சோதனைப் படத்தில் டி.என்.ஏ. கோடு கோடாகத் தெரியும். பிள்ளையிடம் இருக்கும் கோடுகள் தாயுடையவையாக இருக்க வேண்டும், அல்லது தந்தையுடையவையாக இருக்க வேண்டும். இருபத்தேழில் இருந்தவை இருவருடையவையும் அல்ல. நீ சோதனையை மூன்று முறை ஓட்டினாய். மூன்றாவது முறை, நான் விதைப்பதற்கு முந்தைய பட்டத்தில் நிலத்துக்காரர் அதே நிலத்தில் போட்டிருந்த பழைய ரகத்தையும் பக்கத்தில் வைத்து ஓட்டினாய். கோடுக்குக் கோடு பொருந்தியது. துருவைத் தாங்கும் என்று ஏற்கெனவே ஊருக்கே தெரிந்த ரகம் அது. மண்ணில் தங்கிய ஒரு காய் முளைத்து, என் வரிசையில் நின்று, என் எண்ணை வாங்கிக்கொண்டது.

நீ படத்தை மேஜையில் வைத்தாய். பிடுங்கினாயா என்று கேட்கவில்லை. நான்தான் பேசினேன்.

"இன்னொரு வாட்டி ஓட்டு."

"ஓட்டியாச்சி."

"நீ கோட்டப் பாத்து சொல்ற. நான் செடியப் பாத்துக்கினு இருக்கேன். துரு வரல இல்ல?"

"செடி பொய் சொல்லலடி. நாமதான் அதுக்கு வேற பேர வெச்சிட்டோம்."

"நாலு வருஷம்டி. உனக்கும்தான் போவுது."

"தெரியும்" என்றாய். பிறகு, "சார்கிட்ட சொல்லணும். நீ விதை குடுத்தியே, அவர்கிட்டயும் சொல்லணும். ரெண்டு பேரும் போவலாம்" என்றாய். விதை கொடுத்தது உனக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விக்கிரவாண்டிக்கு என் வண்டியில்தான் போனோம். அந்த விவசாயியிடம் நீதான் விளக்கினாய். இது புதுசு இல்லை, பழைய ரகம்தான், நாங்கள் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று. அவர் பொறுமையாகக் கேட்டார். "பேரு எதுவா இருந்தா எனக்கு இன்னா மேடம்? காய் நல்லா புடிச்சிக்கீது. நான் போட்டுக்கினு போறேன்" என்று சொல்லி, இருவருக்கும் மோர் கொடுத்தார். திரும்பும் வழியில் நீ சிரித்தாய். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். பேராசிரியர் கேட்டதால் என்ன நடந்தது என்று நீ ஓர் அறிக்கை எழுதி என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினாய். என்னைக் காட்டிக்கொடுத்திருப்பாய் என்ற எண்ணத்தில் படிக்காமலேயே போட்டேன். பிறகு ஆய்வை விட்டுவிட்டு, விதை முளைப்புத்திறன் பார்க்கும் வேலை ஒன்றுக்குப் போய்விட்டேன். உன் போனை எடுக்கவில்லை. நீயும் சில மாதங்களில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாய்.

உன்னைப் பற்றிக் காதில் விழுந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான். புதிதாக ஆய்வைத் தொடங்கி, நெல்லில் உப்பைத் தாங்கும் மரபணுக்கள் மேல் பட்டம் வாங்கினாய். பெங்களூரில் கொஞ்ச காலம் இருந்தாய். அம்மாவுக்கு முடியாமல் போனதும் விழுப்புரம் திரும்பி, மணிநேரக் கணக்கில் சம்பளம் தரும் கல்லூரியில் பாடம் எடுத்தாய். கொரோனா வந்தபோது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைச் சோதனைக்கூடத்துக்கு ஆள் தேடினார்கள். நீ போய்ச் சேர்ந்தாய்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு இப்போதைய கல்லூரியில் ஆய்வக வேலைக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு வந்தது. பழைய ஆய்வுப் பதிவுகளைக் கேட்டார்கள். பேராசிரியரிடம் போய் நகல் வாங்கினேன். உன் அறிக்கையை அன்றுதான் முதல்முறை படித்தேன். ஒன்றரைப் பக்கம். 'விதைப்புக்கு முன் நிலத்தைச் சுத்தம் செய்யும் முன்னெச்சரிக்கையை நாங்கள் இருவரும் செய்யத் தவறினோம்.' என் பெயர் தனியாக எங்கும் இல்லை. நான் உன்னிடம் பொய் சொன்னதும் அதில் இல்லை.

மறுநாளே முண்டியம்பாக்கம் வந்தேன். நீ முழு உடுப்பில் வெளியே வந்து, ஆறடி தள்ளி நின்று, முகக்கவசத்துக்குள்ளிருந்து, "இன்னாடி இளைச்சிட்ட?" என்றாய். நான் சொல்ல வந்ததைத் தொடங்கும் முன் நீ வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். "இலைய அரைச்சி எடுத்தா இன்னா, மூக்குல குச்சி வுட்டு எடுத்தா இன்னா, ட்யூபுக்குள்ள வந்துட்டா எல்லாம் ஒண்ணுதான். ஆனா இங்க ஒரு நெம்பர் மாறிச்சின்னா ஒரு ஆளு மாறிடுவாரு. அதான் பேஜாரு" என்றாய். உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். போய்விட்டாய். நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை சந்தித்தோம். எங்கள் கல்லூரி ஆய்வகத்தை அமைக்க வாரம் ஒருமுறை நீ வந்தாய். கருவிகள் எங்கே இருக்க வேண்டும் என்று சுவரில் பென்சிலால் குறித்துக் கொடுத்தாய். ஒவ்வொரு முறையும் சொல்லலாம் என்று நினைப்பேன். பேச்சு வேறு எங்காவது போய்விடும். நீயாக அதை எடுக்கவே இல்லை. உன் மார்பில் கட்டி என்று தெரிந்தபோதும் ரிப்போர்ட்டை நீயேதான் எனக்கு விளக்கினாய், வேறு யாருடையதையோ படிப்பதுபோல. அப்போதும் நான் சொல்லவில்லை. உடம்பு சரியில்லாதவளிடம் இதைப் போய்ச் சொல்வதா என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் கலைந்த பிறகு, உன் அப்பா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஊர்ல கேக்கறாங்கம்மா. எம் பொண்ண டாக்டருன்றாங்க. ஊசி போடாதுன்றாங்க. அது இன்னா வேலதான் பண்ணிக்கினு இருந்துச்சி?"

நான் மல்லாட்டையிலிருந்து தொடங்கினேன். அவருக்குத் தெரிந்த பயிர். இருபத்தேழாம் செடியைச் சொன்னேன். கோடுகளைச் சொன்னேன். அறிக்கை வரை வந்ததும் நிறுத்த முடியவில்லை. "தப்பு பண்ணது நாந்தாங்க. வரப்புல நின்னு கேட்டுச்சி, புடுங்காமலே புடுங்கிட்டேன்னு சொல்லிட்டேன். உங்க பொண்ணு ரெண்டு பேருன்னு எழுதிடுச்சி" என்றேன். உன்னிடம் சொல்லாததை உன் அப்பாவிடம் சொன்னேன்.

அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையைத் திருப்பாமலே சொன்னார்: "முளைச்சி வந்தத புடுங்கற வேலைக்கி சின்னதுல எங்ககூட வந்துக்கினு இருந்துச்சிம்மா அது. புடுங்கின நெலம், புடுங்காத நெலம், பாத்தாலே அதுக்குத் தெரியும்."

நான் அவரைப் பார்த்தேன்.

"அன்னிக்கி வரப்புல நின்னப்பவே தெரிஞ்சிருக்கும்" என்றார். குரலில் கோபம் இல்லை. "நீயே சொல்லட்டும்னு இருந்திருக்கும்."

ஒரு வாரம் கழித்து அந்த அறிக்கையின் நகலை எடுத்தேன். ஆய்வகக் குறிப்பேட்டில் பிழை வந்தால் எப்படித் திருத்துவோமோ அப்படியே செய்தேன். அழிக்கவில்லை. 'நாங்கள் இருவரும்' என்பதன் மேல், கீழே இருப்பது படிக்கும்படி ஒரே ஒரு கோடு. அதற்கு மேலே 'நான்'. பக்கத்தில் என் கையெழுத்தும் அன்றைய தேதியும். அதை யாரும் கேட்கப்போவதில்லை. எந்தக் கோப்பிலும் அதற்கு இடமில்லை. கைப்பையில் வைத்திருக்கிறேன். தினமும் என்னோடு கல்லூரிக்கு வருகிறது.