மாதாவுக்கு முன்னால் கொட்டிய கல்

அன்புள்ள மகன் றொய்சனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் காவலில் நானும் அப்பாவும் மோர்னிங்சைட் வீட்டில் இருக்கிறோம், நீயும் அந்த வன்கூவர் மழையில் நனைந்து திரியாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க அவளையே மன்றாடுகிறேன். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்பார், நான் சொல்லப்போவதோ அவருடைய அருமையான கல்லைப் பற்றி.

வீட்டு முன்பக்கத்துப் புல்லை முழுக்கக் கிளப்பி எறிந்துவிட்டு வெள்ளைக் கல்லும், மல்ச் என்று சொல்கிற சிவப்புச் சாயம் போட்ட மரச்சீவலும் கொட்டியிருக்கிறார். எல்லாம் வின்சன்ற்றின் வேலை. போன வருடம்வரை கலியாண வீடுகளில் வீடியோ பிடித்தவன், இப்போது ஒரு மண்வெட்டியை வாங்கியதும் லான்ட்ஸ்கேப்பிங் நிபுணர் ஆகிவிட்டான். "அங்கிள், உந்தக் கல்லை ஒருக்காப் போட்டியள் எண்டால் சாகுமட்டும் தொடத் தேவையில்லை" என்றானாம், உன் அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். இரண்டு கிழமை போகவில்லை, கல்லுக்குள்ளால் களை எட்டிப் பார்க்கிறது, இவர் என்னுடைய கறிக்கத்தியைக் கொண்டுபோய்க் கிளறிக்கொண்டிருக்கிறார். ஏனப்பா இந்த வேலை என்று கேட்டால், "தண்ணி மிச்சம், பாக்கவும் ஸ்ரைலாய்க் கிடக்கு" என்கிறார். கட்டடம் கட்டச் சாமான் இறக்கிவிட்டு ஆட்கள் வராமல் போன வளவுபோல இருக்கிறது, ஸ்ரைலாம்.

கல்லோடு போயிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். மாதா வணக்க மாதத்தின் கடைசி நாள் செபமாலை இந்த மே மாதம் எங்கள் வீட்டில் என்று உனக்குச் சொல்லியிருந்தேன் அல்லவா, ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த முறை அது. முன் ஜன்னலுக்குக் கீழே நிற்கும் மாதா சுரூபத்தைச் சுற்றி, புல்லில் நாற்பது பேர் முழந்தாளிட்டுச் செபிக்க வேண்டும், அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. "உந்தக் கல்லிலை சனம் எப்பிடி முழங்காலிலை நிக்கும்?" என்று லொறி வந்த அன்றே கேட்டேன். பிறந்த நாள் தொடக்கம் கோவிலுக்குப் போகிற மனிதர், அப்போதுதான் அது நினைவுக்கு வந்ததுபோல முழித்தார். பிறகு பாய் விரிக்கலாம் என்றார். நல்ல மூளை.

அன்றைக்குக் காலையில் மழை. வந்த சனம் வழக்கம்போல மாதாவுக்கு முன்னால் போக வேண்டுமென்று சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு நனைந்த மரச்சீவலில் நடந்தது, எல்லாருடைய சொக்ஸிலும் சிவப்புச் சாயம். றெபேக்கா அக்கா தன்னுடைய வெள்ளைச் சொக்ஸைத் தூக்கிக் காட்டி, "என்ன அன்ரனெற், இறைச்சிக் கடைக்குள்ளாலை வந்தமாதிரிக் கிடக்கு" என்றார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாயில் முழந்தாளிட்டவர்கள் செபமாலையின் முதல் பத்து மணி முடிய முன்னமே ஒவ்வொருவராக எழும்பி டிரைவ்வேக்குப் போய்க் காரில் சாய்ந்துகொண்டார்கள். பஸ்ஸுக்கு நிற்கிற சனம்போல நின்று செபித்தார்கள். செபிக்கிற குழுவுக்குப் பெரியவர் றெபேக்கா அக்காதானே, இனி உந்த வீடு வேண்டாம் என்று என் காதுபடவே சொன்னார்.

அப்பா மட்டும் எழும்பவில்லை. பாயைக்கூடத் தள்ளிவிட்டு வெறுங்கல்லில் செபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் முடியும்வரை முழந்தாளில் நின்றார், வீம்பு. முடிந்தபிறகு எழும்ப முடியவில்லை, றோல்ஸ் தின்றுகொண்டு நின்ற வின்சன்ற்றும் இன்னொருவரும்தான் தூக்கிவிட்டார்கள். நல்லாய் வேண்டும் என்று நினைத்தேன், பொய் சொல்லவில்லை.

எல்லாரும் போனபின் கதிரையில் இருத்தி முழங்காலைக் கழுவினேன், ஒவ்வொரு கல்லும் தோலில் பதிந்திருந்தது. அப்போதுதான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "போன வருசமே புல்லு வெட்டேலாமல் போச்சு. ரெண்டுதரம் மெஷினைத் தள்ள மூச்சு முட்டுது. றொய்சனிட்டைச் சொல்லிப்போடாதை, வேலையை விட்டிட்டு ஓடிவந்திடுவான்." தண்ணீரும் ஸ்ரைலும் எல்லாம் பொய் மகன். மூச்சு முட்டுவதை மறைக்க ஒரு லொறிக் கல் இறக்கிய மனிதரை நீ எங்கேயாவது கண்டிருக்கிறாயா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை, பயமும்தான். வியாழக்கிழமை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிறேன், வரமாட்டேன் என்றால் அந்தக் கல்லிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், தலைக்கு நனைந்தால் உடனே துடை. ஒன்று மறந்துவிடாதே, அப்பா போன் வீடியோவில் கல்லைக் காட்டுவார், வடிவாய் இருக்கு என்று மட்டும் சொல்லிவிடாதே. சொல்ல வேண்டாம் என்றதை நான் சொல்லிவிட்டேன், இனி உன் யோசனை. புல்லு வெட்டுகிற மெஷினை வின்சன்ற் வந்து கேட்டான், கொடுக்கவில்லை. கராஜில் உன்னுடைய பழைய சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா, அன்ரனெற்