ராயப்பன் சாமி கர்ஜிக்கவே இல்லை

என் உயிருக்கு உயிரான அக்கா,

சர்வேசுரன் சந்நிதியில் சௌக்கியமாக இருப்பாய். உன் கல்லறைக்கு நான் பூசிய சுண்ணாம்பின் வெண்மையில் கப்பல்காரர்களுக்கே கண் கூசுகிறது என்று எழுதினேன். அந்த வரியை அழித்துவிட்டேன். சுண்ணாம்பு பாதியில் தீர்ந்துபோயிற்று. பின்பக்கம் இன்னும் கறுப்புத்தான். இனி உள்ளது உள்ளபடி.

உன் மகன் ராயப்பன் சாமி குருமடத்தில் வேதசாஸ்திரம் போதித்தது உனக்குத் தெரியும். சாமியாராகப் படிக்கும் பையன்கள் லத்தீனில் திணறுகிறார்கள் என்று கடினமான இடங்களைத் தமிழில் விளக்கினான். அதிபர் சாமியார் கூப்பிட்டு, “மேலிடத்து உத்தரவு வரும்வரை லத்தீன்தான்” என்றார். இவன் “சரிங்க சாமி” என்றான். மறுநாள் வகுப்பு லத்தீனில் நடந்தது. முழுக்கதையும் இவ்வளவுதான் அக்கா.

இதை வைத்துக்கொண்டு உன் தம்பி என்ன செய்வான்? உப்பில்லாத கஞ்சி. வைத்திக்குப்பம் காப்பிக்கடையில் உட்கார்ந்து கொஞ்சம் உப்புப் போட்டேன். ராயப்பன் குத்திய குத்தில் அதிபரின் மேசை இரண்டாகப் பிளந்தது என்றேன். “ஆதாம் ஏவாளிடம் லத்தீனிலா பேசினான்?” என்று அவன் கர்ஜித்ததில் குருமடத்துப் புறாக்கள் காரைக்கால் வரை பறந்துவிட்டன என்றேன்.

பிரெஞ்சுத் துரையைக் கூப்பிடுகிற மாதிரி என்னை முசியே என்கிற மீன்காரன் சூசை வாய் பிளந்தான். “அப்பறம் இன்னா ஆச்சு முசியே? புறா திரும்பி வந்துச்சா?”

“வந்துச்சு. ஆனா தமிழ்லதான் கத்துது!”

கடையே சிரித்தது. மீன்கூடையோடு கதையும் தெருத்தெருவாகப் போயிற்று. பூசைக்கு வருகிற பெண்கள் அவனுக்கு ‘அடங்காத சாமி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். பிள்ளைகளைக் குருமடத்துக்கு அனுப்பிய சில தகப்பன்மார், கீழ்ப்படியாத சாமியாரிடம் எங்கள் பிள்ளைகள் எதைக் கற்பது என்று அதிபரிடமே கேட்டுவிட்டார்கள்.

“எங்க மாமா கூட்டிச் சொல்ற ஆளு” என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். சொல்லவில்லை, அக்கா. ஏன் சொல்லவில்லை? மேசை முழுசாக இருப்பது அதிபருக்குத் தெரியும்; ஆனாலும் ஊர் வாயை மூட வகுப்பை வேறொருவர் கைக்கு மாற்றினார். அவனைக் கனகசெட்டிக்குளம் கிராமத்துக் கோயிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பஸ் ஏறிப் போனேன். முகத்தைத் துண்டால் மறைத்து, பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அவன் முன்னால் மண்டியிட்டுக் குரலை மாற்றினேன். “சாமி, நான் வெளியூர்க்காரன்...”

“மாமா, மூக்குப்பொடி வாசனை உள்ள வரைக்கும் வருது. சொல்லுங்க.”

சொன்னேன். “எம்மேல கோவமா சாமி?”

“வகுப்பு போனது வருத்தந்தான் மாமா. ஆனா நான் மனசாரத்தான் சரின்னு சொன்னேன். நான் பணிஞ்சது வெளிய சொல்ல வெக்கப்படற சங்கதின்னு நெனச்சுட்டீங்க பாருங்க...”

அவன் கர்ஜித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

“அபராதம் இன்னா சாமி? ஆயிரம் ஜெபமாலையா?”

“அதே காப்பிக்கடைக்குப் போய் நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க. ஒரு புறா கூடப் பறக்கக் கூடாது.”

போனேன். சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சூசை டம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

“அப்ப பயந்துட்டாரா?”

“பயமில்லடா. குருப்பட்டத்தன்னிக்குக் கீழ்ப்படிவேன்னு குடுத்த வாக்கு.”

“இது நல்லால்ல முசியே. பழசையே சொல்லு.”

என் பொய்க்குக் கால் முளைத்து ஊரைச் சுற்றுகிறது. உண்மை காப்பிக்கடை வாசலைக்கூடத் தாண்டவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுவதை ஊரறியப் படிக்கக் கொடுக்கிறேன். பாவசங்கீர்த்தன ரகசியத்தைக் காக்கும் கடமை சாமியாருக்குத்தான். என் பாவத்தை நான் சொல்லலாம்.

பட்டத்தன்று அவன் கைகளில் எண்ணெய் பூசிக் கட்டிய வெள்ளைத்துணியை உன் கையில் வைத்துத்தான் உன்னை அடக்கம் செய்தோம். சாமியாரைப் பெற்றவள் என்று அதைச் சர்வேசுரனிடம் காட்டி அவன் வகுப்புக்காக மன்றாடு. எனக்காக இப்போதைக்கு வேண்டாம்.

சூசை நம்பும்வரை அந்தக் கடைக்குப் போவேன். கல்லறைத் திருநாளுக்கு உன்னிடம் வருவேன், ஒரு மெழுகுவர்த்தியோடு. எத்தனை என்று யார் கேட்டாலும் ஒன்று என்றுதான் சொல்வேன்.

தலைகுனிந்து நிற்கும் உன் தம்பி,
அந்துவான்