சண்டை வேண்டாம் என்ற ஜனாதிபதி

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று ஊர் முழுக்கச் சொன்னவன் நான். அது பொய் என்று தெரிந்த பிறகும் எட்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடமும்.

நேற்று என் தொம்மலூர் வீட்டுப் பரணில் உங்கள் அமெரிக்க வரலாற்றுக் குறிப்புகள் கிடைத்தன. சைக்ளோஸ்டைல் தாள்கள். கட்டைப் பிரித்ததும் அந்த ஸ்டென்சில் மை வாசனை. முதல் தாளிலேயே உங்கள் ஆள் உட்கார்ந்திருந்தார், அமெரிக்காவின் இரண்டாம் ஜனாதிபதி.

நம் வகுப்பு மாதிரி பெங்களூரில் வேறெங்கும் நடந்திருக்காது. மேடையின் ஒரு கோடியில் நீங்கள் இரண்டாம் ஜனாதிபதியாக நின்று வாதாடுவீர்கள், மறு கோடியில் நான் மூன்றாமவராக. அந்த இருவரும் பழைய சிநேகிதர்கள், பிறகு எதிரிகள். நான் உங்களைத் திட்டுவேன்: திட்டி எழுதிய பத்திரிகைக்காரர்களைச் சிறையில் போடச் சட்டம் கொண்டுவந்தவர், ராஜா மாதிரி நடந்துகொண்டவர். நீங்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பதில் சொல்வீர்கள்: பிரான்சோடு போர் தொடு என்று சொந்தக் கட்சியே கத்தியபோது, அமைச்சர்களைக்கூடக் கேட்காமல் சமாதானத் தூது அனுப்பியவர். அடுத்த தேர்தல் போய்விடும் என்று தெரிந்தே அனுப்பியவர். நிஜத்தில் உங்கள் ஆள் குள்ளம், குண்டு; என் ஆள் நெட்டை. நீங்களோ ஒட்டடைக்குச்சி, நான் உங்கள் தோள் உயரம். பையன்கள் அதற்கே சிரிப்பார்கள். வகுப்பு முடிந்து வந்தால் பக்கத்து மேஜைக் கன்னட வாத்தியார், என் டப்பாவில் எலுமிச்சை சாதம் எடுத்துக்கொண்டே கேட்பார்: "ஏன் சார், இவத்து யாரு கெத்ரு?"

"பெல்லுதான் ஜெயிச்சுது சார்," என்பீர்கள்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம். அந்த வருடம் நீங்கள்தான் ஆசிரியர் சங்கத் தலைவர். கல்லூரி திறந்ததும் நாங்கள் தமிழர்கள் பன்னிரண்டு பேர் உங்கள் மேஜையைச் சூழ்ந்துகொண்டோம். கண்டனத் தீர்மானம் போடு, வேலைநிறுத்தம் அறிவி. உங்கள் அடுகோடித் தெருவிலேயே கல் விழுந்திருந்தது. உங்கள் வீட்டு ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் அட்டை.

"நாம ஒண்ணு போட்டா அவங்க ஒண்ணு போடுவாங்க சார். அப்புறம் ஸ்டாஃப் ரூம் ரெண்டாயிடும். கேட்டுக்கு வெளியே இருக்கிறத உள்ளே இட்டாராதீங்க."

"உங்க ஜன்னல்தானே உடைஞ்சுது? ரோஷம் வேணாமா?"

"ஜன்னல் என்னுது. சங்கம் எல்லாருதும்."

நான் கேட்கவில்லை. கண்டனத்தை எழுதி அறிவிப்புப் பலகையில் குத்தினேன். நீங்கள் கிழித்தீர்கள், இனித் தலைவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் பலகைக்கு வரக்கூடாது என்றீர்கள்.

"உங்க ஆளு மாதிரியே வாய்ப்பூட்டுச் சட்டம் போட்டுட்டீங்க," என்றேன், எல்லோர் முன்னாலும்.

"ஆமா சார். அவர் செஞ்ச தப்பையும் சேத்துத்தான் செய்யறேன்," என்றீர்கள்.

அந்தக் கிழித்த தாளுக்காக உங்களை இன்றும் மன்னிக்கவில்லை. தப்பு தப்புதான். ஆனால் மார்ச் தேர்தலில் நான் செய்தது அதைவிடப் பெரியது. மேஜை மேஜையாகப் போய் "ஆளு பயந்துட்டாரு" என்றேன். கன்னடக்காரர்களுக்கும், அவர்கள் போடவிருந்த தீர்மானத்தை நீங்கள் தடுத்த கோபம் இருந்தது. இரண்டு பக்கமும் சேர்ந்து உங்களைத் தோற்கடித்தோம். நான் பதவியேற்ற நாளில், முதல் மணி அடிப்பதற்கு முன்பே, மாலைக் கல்லூரிக்கு மாற்றல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். உங்கள் ஜனாதிபதியும் அப்படித்தான், அடுத்தவர் பதவியேற்பதைப் பார்க்காமல் விடியுமுன் ஊரை விட்டுக் கிளம்பினார். மேடையில் அதன்பின் நான் தனியாகத்தான் நின்றேன்.

அடுத்த முறை காவிரிப் பேச்சு எழுந்தபோது நான் தீர்மானம் போட்டேன். மறுநாளே பதில் தீர்மானம் வந்தது. ஒரே வாரத்தில் ஸ்டாஃப் ரூமில் இரண்டு டீ பிளாஸ்க். என் எலுமிச்சை சாதத்தில் பங்கு போட்ட கன்னட வாத்தியார் ஜன்னலோரம் மேஜையை மாற்றிக்கொண்டார். ஓய்வு பெறும்வரை என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசினார். நீங்கள் பயந்தது எதற்கு என்று அப்போது புரிந்தது. உங்கள் ஜன்னலுக்காக இல்லை.

இரண்டாயிரம் புத்தாண்டுக்கு ஒரு கார்டு அனுப்பினீர்கள். "பல வருஷப் பகைக்குப் பின் முதலில் கடிதம் எழுதியது இரண்டாமவர்தான். அந்த முறைப்படி நானே எழுதுகிறேன்." மூன்றாமவர் உடனே பதில் போட்டார் என்பதை நான் எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன். நான் போடவில்லை. ஜெயித்தவன் வீம்பு.

போன மாதம் உங்கள் வீட்டுக்கு வந்தபோது உங்களைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. உங்கள் வீட்டம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "பயந்துட்டாருன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. நெஜமாவே பயந்துட்டேனான்னு எங்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாரு. போங்க சார்."

இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். படியிறங்கி வந்துவிட்டேன். ஒரு கூட்டத்தில் எல்லோரும் ஒரு பக்கம் கத்தும்போது, அதற்கு எதிராகக் கையைத் தூக்கும் ஆள் யார் என்று என் கண் இன்றும் தேடுகிறது. அதை எனக்குள் வைத்துவிட்டுப் போனவர் நீங்கள்.

இதை உங்கள் அடுகோடி வீட்டுக்கே தபாலில் போடப்போகிறேன். கீழே கையெழுத்து இல்லை, உறையிலும் அனுப்புநர் பெயர் இல்லை. பெயரைப் பார்த்தால் உங்கள் வீட்டம்மா பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவார். நீங்கள் பயந்தவர் இல்லை என்பதை முதலில் படிக்கட்டும். எழுதியது யார் என்று அதற்குள் தெரிந்துவிடும். அதன்பின் கிழித்தால் கிழிக்கட்டும்.