எஸ்தர் எழுந்து கொடுத்த நாற்காலி

என் எஸ்தருக்கு,

அங்கே உனக்கு முட்டி வலியே இல்லையென்று பாஸ்டர் சொல்கிறார். சரியென்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே ‘ஏனுங்க’ என்று கூப்பிட ஆளில்லாமல் வீடு வீடாக இல்லை.

முதலில் சபைச் செய்தி. உனக்கு அதுதானே முக்கியம், நான் சாப்பிட்டேனா என்பதெல்லாம் அப்புறம்தான். சரவணம்பட்டியில் நம் லேத் பட்டறைக்குள் பாய் விரித்துத் தொடங்கிய சபை, இப்போது புதுக் கட்டடத்தில் ஞாயிறன்று மூன்று ஆராதனை நடத்துகிறது. மூன்றாவது இங்கிலீஷில். கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து நிறைந்துவிடுகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மோட்டாரை நிறுத்தியதும், குழந்தைகளின் காலில் குத்திவிடக் கூடாதென்று நீ தரையைத் தடவித் தடவி இரும்புச் சுருளைப் பொறுக்கியது இவர்களில் யாருக்குத் தெரியும்?

பாதிப்பேருக்கு உன் பெயரே தெரியாது. சபை வளர்ந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். நீ இல்லாமலே இப்படி வளர்கிறதே என்று கோபமும் வருகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

அதனால்தான் உன் நாற்காலியை நான் விடவில்லை. உன்னால் தரையில் உட்கார்ந்து எழ முடியாமல் போனபோது, பட்டறையிலேயே வெல்டிங் வைத்து, நீல ஒயர் பின்னித் தந்தேனே, அதுதான். புதுக் கட்டடத்திலும் பெண்கள் பக்கம், கதவோரமாக அதைப் போட்டு வைத்திருந்தேன். ஞாயிறன்று சீக்கிரமே போய் உன் பைபிளை அதன்மேல் வைத்துவிட்டு, ஆண்கள் பக்கம் வந்து உட்காருவேன். எவ்வளவு கூட்டமானாலும் யாரும் தொடமாட்டார்கள். பாட்டு நடக்கும்போது அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பேன். அழுகிற குழந்தை எதையோ தூக்கிக்கொண்டு நீ வெளியே போயிருக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன்.

போன ஞாயிறு நல்ல மழை. வெளியே பந்தலில் உட்காருகிறவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். பாதி ஆராதனையில், நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் நனைந்துகொண்டு வந்தாள். சபைக்குப் புதிது. சுற்றுமுற்றும் பார்த்தாள். உன் பைபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வருகிறவர்களுக்கு இடம் பார்த்துக் கொடுக்கும் சாமுவேல் பதறிக்கொண்டு ஓடினான்.

“ஏனுங்க அம்மணி, அது எஸ்தரம்மா சேருங்க. அதுல யாரும் உக்கார மாட்டாங்க. கொஞ்சம் எந்திரிச்சுக்கறீங்களா?”

அவள் முகம் வாடிவிட்டது. நாற்காலியின் கையைப் பிடித்து, ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். எஸ்தரு, அவள் எழுந்த விதம் அப்படியே நீ. வாராவாரம் நான் பார்த்தது இதைத்தானே? தாமதமாக யார் வந்தாலும் நீ எழுந்து இடம் கொடுத்துவிடுவாய். உனக்கென்று செய்து கொடுத்த நாற்காலியில் ஒரு நாளாவது முழுதாக உட்கார்ந்தாயா என்று திட்டுவேன். “நின்னுட்டுக் கேட்டா வசனம் காதுல உழுகாதுங்களா?” என்பாய். அந்த நாற்காலி காலியாகக் கிடந்ததெல்லாம் நீ போன பிறகுதான்.

நான் எழுந்து பெண்கள் பக்கம் போனேன். எல்லோரும் பாட்டை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார்கள். “நீங்க உக்காருங்க கண்ணு,” என்றேன்.

முடிந்ததும் பைபிளைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஈரோட்டுப் பெண்ணாம்.

“ஐயா, இது யாருதுங்க?”

“என்ற ஊட்டுக்காரம்மாளுதுங்க கண்ணு.”

“அவங்க எங்கீங்க? நான் உக்காந்ததுல அவங்களுக்கு எடமில்லாம போயிருச்சுங்களா?”

“அவ எந்திரிச்சுக் குடுத்துட்டாளுங்க,” என்றேன். பைபிளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சபை எதனால் வளர்ந்தது என்று பாஸ்டர் மேடையில் ஏதேதோ காரணம் சொல்கிறார். நீ அந்த நாற்காலியை விட்டு எழுந்த ஒவ்வொரு தடவையும் ஓர் ஆள் கூடியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். அழுத பிறகு சாப்பிட்டேன், கவலைப்படாதே.

இனி உன் பைபிள் என் கையிலேயே இருக்கும். நாற்காலியில் வருகிறவர்கள் உட்காரட்டும். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். கல்யாணத்தன்று தவிர, ஆராதனையில் நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அங்கேயும் அப்படிப் பிரித்துத்தான் உட்காரவைக்கிறார்களா? நான் வாரேன் அம்மணி. கொஞ்சம் தாமதமாகும் போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் எழுந்துவிடாதே. சற்றே நகர்ந்து உட்கார், போதும்.

உன் வீட்டுக்காரன்,
தேவராஜ்