என் பெயரில் ஒரு நாணயம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு பூனைக்குப் பூச்சி மருந்து கொடுத்தேன், ஒரு கிளிக்கு நகம் வெட்டினேன், என் தம்பிக்குக் காது கொடுத்தேன். மூவரில் கிளிதான் கொஞ்சம் ஒத்துழைத்தது.

தம்பி சோபா கடையில் விற்பனையாளன். மதியம் கிளினிக் பின்னறையில் நாய்த்தீவன மூட்டைமேல் உட்கார்ந்து ஃபோனை நீட்டினான். ‘வாலாட்டி காயின்.’ செல்லப் பிராணிகளுக்காகவே வரப்போகும் கிரிப்டோ நாணயமாம். இப்போது முன்விற்பனை. இருபதாம் தேதிக்குள் வாங்கினால் சல்லிசு. பிறகு உலகத்தில் எந்தக் கால்நடை மருத்துவமனையிலும் அதைக் கொடுத்து நாய்க்கு ஊசி போட்டுக்கொள்ளலாமாம்.

"என் கிளினிக்ல முடியாதே" என்றேன்.

"அதெல்லாம் வரும்க்கா. எக்ஸ்ரே மெஷினுக்குச் சேத்து வெச்சிருக்கியே, அதை இதுல போடு. வருஷக் கடைசியில ரெண்டு மெஷினா வாங்கிக்கலாம்."

ஒரு மெஷின் வைக்கவே இங்கே இடமில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

"இதுல விசாரிக்க என்ன இருக்கு?"

சோபா வாங்க வருபவர்கள் சாய்ந்து, குதித்து, தைத்த நூலை இழுத்துப் பார்த்துவிட்டு, ‘வீட்டில் கேட்டுச் சொல்கிறோம்’ என்று போய்விடுவதாகத் தினமும் புலம்புகிறவன் கேட்கிற கேள்வி இது.

மார்ச் 6, வியாழன்

திட்டத்தை விளக்கும் ஆவணத்தை ‘வெள்ளை அறிக்கை’ என்கிறார்கள். பொருத்தமான பெயர். வெள்ளையாகத்தான் இருக்கிறது.

‘பிராணிகளின் அன்பைப் பரவலாக்கப்பட்ட பொருளாதாரமாக மாற்றுவோம்.’ மாற்றுங்கள், யார் தடுத்தது? பாதி வரை நாய்கள், பூனைகள். அதன்பின் திடீரென்று ‘எங்கள் காபித் தோட்ட விவசாயிகள்’ வருகிறார்கள். நாய் எப்போது காபி குடிக்க ஆரம்பித்தது என்று ஒரு நிமிடம் குழம்பிப்போனேன். அந்த வரியை அப்படியே இணையத்தில் தேடினேன். எப்போதோ படுத்துப்போன ஒரு காபி நாணயத்தின் அறிக்கை வந்தது. எழுத்துக்கு எழுத்து அதே. காபியை எடுத்துவிட்டு நாயைப் போட்டிருக்கிறார்கள். எடுக்கிற வேலையையும் முழுசாகச் செய்யவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

விடுமுறை. ஊரார் சினிமாவுக்குப் போனார்கள். நான் நிறுவனரைத் தேடிப் போனேன்.

அழகான மனிதர். நரைத்த கிருதா, நம்பிக்கையூட்டும் பல்வரிசை. அவர் படத்தைத் தேடலில் போட்டேன். ஒரு தளத்தில் ஜன்னல் கண்ணாடி விற்கிறார். இன்னொன்றில் பல்செட். மூன்றாவதில் மூட்டுவலித் தைலம் தடவி முதுமையைக் கொண்டாடுகிறார். இவ்வளவு உழைத்தால் பணக்காரராகாமல் என்ன செய்வார்?

தலைமை அலுவலக முகவரியை வரைபடத்தில் பார்த்தேன்: ஒரு சலவைக் கடை. ‘ஏழு ஆண்டு அனுபவம்’ என்று பெருமை பேசும் இணையதளம் பதிவானது போன ஜனவரியில். அரசு அனுமதி எண் என்று ஒன்று போட்டிருந்தார்கள். நிதி ஒழுங்குமுறை ஆணையத்தின் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே ஒரு காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது. இவர்கள் எங்குமே இல்லை.

தம்பிக்கு எல்லாவற்றையும் ஃபோனில் சொன்னேன்.

"அக்கா, உனக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம். அதான் நீ இன்னும் அதே பழைய ஸ்கூட்டர்ல போற."

ஸ்கூட்டர் ஓடுகிறது. அது போதும்.

மார்ச் 10, திங்கள்

அவர்களுடைய அரட்டைக் குழுவில் ‘நிறுவனர் ஏன் பல்செட்டும் விற்கிறார்?’ என்று பணிவாகக் கேட்டேன். என்னை நீக்கிவிட்டார்கள். வாடிக்கையாளர் சேவையில் இத்தனை வேகத்தை நான் கண்டதில்லை.

மார்ச் 13, வியாழன்

கிளினிக் கணினியைப் பழுதுபார்க்க வரும் கம்ப்யூட்டர்காரரிடம் அந்த நாணயத்தின் நிரலைக் காட்டினேன். அது எல்லாரும் பார்க்கும்படிதான் இருக்கிறதாம். பார்க்கத்தான் ஆளில்லை.

"டாக்டர், யார் வேணா வாங்கலாம். ஆனா விக்கிறதுக்கு ஒரே ஒரு கணக்குக்குத்தான் அனுமதி. அது அவங்க கணக்கு."

"எலிப்பொறி மாதிரியா?"

"எலிப்பொறியிலயாவது வெச்சிருக்கிற தீனி நெசம்."

எனக்கு ஒரே பெருமிதம். எக்ஸ்ரே பணம் தப்பித்தது, நான் புத்திசாலி, தம்பி மடையன், உலகம் ஒழுங்காகச் சுற்றுகிறது. அப்போது, அவர்களுடைய இணையதளத்தைக் கீழே தள்ளிக்கொண்டே போன கம்ப்யூட்டர்காரர் நிறுத்தினார்.

"இது நீங்கதானே?"

‘எங்கள் கூட்டாளி மருத்துவமனைகள்.’ முதல் படம் என் கிளினிக். பெயர்ப்பலகை பளிச்சென்று. வாசலில் நான், கையில் ஒரு முயலுடன், பல்லெல்லாம் தெரிய. கீழே: ‘முதல் நாளே எங்களை நம்பிய மருத்துவர்.’

ஐயோ. என் மூஞ்சி. என் போர்டு. எவன் குடுத்தான் இதை? எவன் குடுத்திருப்பான் — அந்த முயலோட என்னை நிக்க வெச்சுப் படம் எடுத்தது ஒரே ஒருத்தன்தானே! பல்செட்காரனைக் கண்டுபிடிச்சேனே, என்னைக் கண்டுபிடிச்சேனா?

மார்ச் 14, வெள்ளி

சோபா கடைக்குப் போனேன். மூவர் அமரும் சோபாவில் நாங்கள் இருவர். விலைச்சீட்டு நடுவில் தொங்கியது.

"ஒரு நம்பிக்கைக்காகத்தான்க்கா போட்டேன். ஆள் சேத்தா கமிஷன் உண்டுன்னாங்க. நீ எப்படியும் சேந்துடுவேன்னு நெனச்சேன்."

"யார்கிட்டல்லாம் காட்டின?"

"வெளியாள்கிட்ட இல்ல. உன் வெயிட்டிங் ரூம்ல இருக்கிறவங்ககிட்டதான்."

அடேயப்பா, எவ்வளவு அடக்கம்! கத்த வாயெடுத்தேன். அதற்குள் ஒரு குடும்பம் கடைக்குள் வந்துவிட்டது. அவன் எழுந்து "வாங்க சார், உக்காந்து பாருங்க" என்று சிரித்துவிட்டு மறுபடி என்னிடம் வந்தான்.

வீட்டு முன்பணத்தை இதில் போட்டிருக்கிறான். மனைவிக்குத் தெரியாது.

"சண்டை வேணாம். ஒரே ஒரு காயினை வித்துக் காட்டு" என்றேன்.

அழுத்தினான். ‘பிழை. பிறகு முயலவும்.’ மறுபடி அழுத்தினான். மறுபடியும். நான் சொன்ன காபியும் சலவைக் கடையும் அவன் காதில் ஏறவேயில்லை. இந்த ஒரு வரி ஏறியது. நான் சொன்னேனே என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. இந்த வருடத்துக்கு என் புண்ணியம் இவ்வளவுதான்.

மார்ச் 15, சனி

வாசலில் அறிவிப்பு ஒட்டினேன்: ‘வாலாட்டி காயினுக்கும் இந்த மருத்துவமனைக்கும் சம்பந்தமில்லை. பணம் போடாதீர்கள்.’ வாடிக்கையாளர் எல்லாரையும் நானே ஃபோனில் அழைத்துப் பேசினேன். பலர் நன்றி சொன்னார்கள். ஒருவர், நான் மட்டும் ரகசியமாகச் சம்பாதிக்கப் பார்க்கிறேன் என்றார்.

கடைசியாக அழைத்தது, ஓய்வுபெற்ற ஒரு டீச்சரை. மூன்றாம் மாடியில் ஒரு கிழட்டு நாயோடு தனியாக இருப்பவர். முழங்கால் இரண்டும் போய்விட்டது. தரைத்தளத்தில் வீடு மாற வைத்திருந்த பணத்தைப் போன வாரமே போட்டுவிட்டாராம்.

"எனக்கு அந்தக் காயின் கீயின் எல்லாம் தெரியாதும்மா. உங்க படம் இருந்துச்சு. போட்டேன்."

வைத்துவிட்டார்.

இதற்கு எந்தக் கிண்டலும் வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

இணையக் குற்றப் பிரிவில் புகார். எதிரில் இருந்த அதிகாரி, "படம் யார் கொடுத்தது?" என்றார். தம்பி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் எதையாவது சொல்லி அவனைக் காப்பாற்றியிருப்பேன் என்று பயம்.

"நான்தான் சார். அக்காவுக்குத் தெரியாது."

எழுதிக் கையெழுத்தும் போட்டான். திரும்பும் வழியில், "வீட்ல இன்னும் சொல்லலக்கா" என்றான். அதையும் நீயே சொல் என்றேன்.

மார்ச் 20, வியாழன்

அவர்களுடைய இணையதளத்தில் இன்று: ‘பக்கம் கிடைக்கவில்லை.’ இருபதாம் தேதியோடு முடிகிறது என்றார்கள். சொன்ன சொல் தவறாதவர்கள்.

மார்ச் 30, ஞாயிறு

தம்பி வாங்கிய கமிஷனை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனான். கதவு திறக்கவில்லையாம். உள்ளே நாய் குரைத்ததாம். திறக்கும்வரை தினமும் போவானாம். போகட்டும். மூன்று மாடி. லிஃப்ட் இல்லை.

ஏப்ரல் 12, சனி

டீச்சர் வந்தார். நாய்க்குக் காதில் சீழ். என்னைப் பார்க்காமல் மேசையிடம் பேசினார்.

"வேற டாக்டர்கிட்டப் போனேன். அங்க இவன் மேசை மேல நிக்கவே மாட்டேங்குறான். இல்லேன்னா இங்க வந்திருக்க மாட்டேன்."

"சரிங்க டீச்சர்."

சனிக்கிழமைகளில் கடை முடிந்து தம்பி இங்கேதான் இருக்கிறான், தரை துடைக்க. ஓடிவந்து நாயைப் பிடித்தான். நாய் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மணிக்கட்டைக் கவ்வியது. நன்றாகவே. அவன் கத்தவும் இல்லை, பிடியை விடவும் இல்லை. நான் காதைச் சுத்தம் செய்து மருந்து விட்டு முடிக்கும்வரை அப்படியே நின்றான்.

டீச்சர் முதல் தடவையாக அவனைப் பார்த்தார். கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"சோப்பு போட்டுக் கழுவு முதல்ல. அப்புறம் ஊசி போட்டுக்கோ." வாசல்வரை போய் நின்றார். "நாளைக்கு வரும்போது காது மருந்தையும் வாங்கிட்டு வா. கதவு தெறந்துதான் இருக்கும்."