முதல் வால்வின் ரீங்காரம்

நாள் 61, 07:10
நிலவின் மறுபக்கம், குழி நிலையம். பொறியாளர் வசுமதி எழுதுவது. சூரியப் புயல் அடித்து இது நான்காம் நாள். சிப் வைத்த கருவிகளில் பாதி செத்துவிட்டன. கணினியும் போய்விட்டதால் பென்சிலில் எழுதுகிறேன். காற்று, நீர், வெப்பம் சரி. நாங்கள் பேசுவது துணைக்கோள் வழியாகப் பூமிக்குப் போகிறது. அவர்கள் பேசுவதுதான் எங்களுக்குக் கேட்பதில்லை. ரிசீவரில் ஒலியைப் பெருக்கும் பகுதி எரிந்துவிட்டது.

இங்கே இருப்பவர்கள் இருவர். மற்றவர் ஜெபசிங். கேபிள் வேலை அவருடையது. தூத்துக்குடிக்காரர், என்னைவிட ஏழு வயது இளையவர். சொந்தச் சாமானுக்கு அனுமதித்த எடையில் ஒரு கிதாரும் அதற்கான வால்வு ஆம்பிளிஃபையரும் கொண்டுவந்திருந்தார். வால்வு என்பது கண்ணாடிக் குழாய். புயல் அதை ஒன்றும் செய்யவில்லை. இன்று அந்தப் பெட்டியைப் பிரித்து ரிசீவரோடு இணைக்கிறேன்.

நாள் 61, 10:40
இணைத்தாயிற்று. ஒலி வருகிறது. அதோடு பெரிய ரீங்காரமும் வருகிறது. பூமியின் குரல் அதற்குள் மூழ்கிவிடுகிறது: "வசு... நிலை... திரும்ப..."

குழி விளிம்பில் இருக்கும் ஆண்டெனாவிலிருந்து வரும் கேபிளில் ஜாயிண்ட் தளர்ந்திருக்க வேண்டும் என்று பூமிக்கு அறிவித்தேன். யார் போட்ட ஜாயிண்ட் என்றும் சொன்னேன். ஜெபசிங் பக்கத்தில்தான் நின்றிருந்தார். போய் ஸ்பேனர்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

நாள் 62, 08:05
ஜெபசிங் ரோவரில் விளிம்புக்குப் புறப்பட்டார். பதினான்கு கிலோமீட்டர், பெரும்பகுதி நிழல். காற்று ரோவரிலிருந்து வருகிறது. உடுப்பில் தனியாக ஒரு மணி நேரத்துக்கு இருக்கும். கிட்டத்தில் இருந்தவரை ரீங்காரத்தை மீறி அவர் குரல் கேட்டது:

"யக்கா, எம் பெட்டியப் பத்திரமாப் பாத்துக்கிடுங்க. பாட்டுக்குன்னு செஞ்சது அது. நீங்க ஆபீஸ் வேல குடுத்திருக்கீங்க, அதான் மொனங்குது."

நாள் 62, 08:50
சும்மா இருக்க முடியாமல் கேபிளை ஆம்பிளிஃபையரிலிருந்து உருவிப் பார்த்தேன். ரீங்காரம் அப்படியே இருக்கிறது. கேபிளை மறுபடி மாட்டினேன்.

அப்படியென்றால் கோளாறு கேபிளில் இல்லை. பெட்டிக்குள் இருக்கிறது. நான் பற்றவைத்த பெட்டிக்குள்.

இந்தச் சோதனைக்கு இரண்டு விநாடி போதும். பயிற்சி மையத்தில் பதினொரு வருடம் முதல் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது இதுதான். நேற்று ஏன் செய்யவில்லை? என் கை செய்த வேலையைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

மைக்கை எடுத்தேன். "ஜெபா, திரும்பி வாங்க, தப்பு என்னுது." அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. மைக்கை வைத்துவிட்டேன். அவர் வருவதற்குள் நான் சரிசெய்துவிட்டால், ஜாயிண்டை இறுக்கியதால்தான் சத்தம் போனது என்று நினைத்துக்கொள்வார். யாரும் கேட்கப் போவதில்லை. இதை நினைத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

நாள் 62, 10:30
சத்தத்தைக் குறைக்கும் திருகைத் திருப்பினால் ரீங்காரமும் குறைகிறது. ஆகவே கோளாறு திருகுக்கு முன்னால். பென்சிலால் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். கெட்ட வால்வு என்றால் ஒலிபெருக்கியில் கணீரென்று கேட்கும்; எதிலும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தை நிறுத்தி, கெப்பாசிட்டரில் தேங்கியதை இறக்கி, மறுபடி வால்வு சூடேறும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நாள் 62, 11:20
ரீங்காரத்துக்குள் ஜெபசிங்கின் குரல். ஒரு சொல்கூடப் புரியவில்லை. கடைசியில் தொனி உயர்ந்தது, ஏதோ கேட்கிறார். எனக்குக் கேட்கவில்லை என்று சொன்னால் ஏன் என்பதையும் சொல்ல வேண்டிவரும்.

"சரி" என்றேன். இரைச்சலான போன் லைனில் நாமெல்லோரும் சொல்வோமே, அந்த மாதிரி. மறுபடி ஏதோ கேட்டார். "சரி சரி" என்றேன்.

நாள் 62, 13:05
முதல் வால்வைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றது. கண்டுபிடித்துவிட்டேன். அந்த வால்வுக்கு வரும் கம்பியின் உலோக மேலுறையை ஒரு முனையில் மட்டும் பெட்டியோடு பற்றவைக்க வேண்டும். நான் இரண்டு முனையிலும் வைத்திருக்கிறேன். முதல் வருட மாணவர்கள் செய்கிற தப்பு.

நாள் 62, 13:40
ஒரு முனையை வெட்டினேன். வால்வைச் செருகினேன். சுத்தமான அமைதி. அதில் அவர் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல்:

"யக்கா, கேக்குதா? மூணாவது வாட்டியா கூப்பிடுதேன். ரோவர் பேட்டரி செத்துப் போச்சு. நெழல்ல குளிரு தாங்கல. பேட்டரி நாப்பத்தஞ்சு சதவீதத்துல இருக்கும்போது, திரும்பட்டா, இல்ல மேல ஏறட்டான்னு கேட்டேன்லா, நீங்க சரின்னதும் ஏறிட்டேன். உடுப்புல பதினெட்டு நிமிசந்தான் இருக்கு."

இப்போது கேட்கிறது என்றேன். அவர் சிரித்தார்.

"அப்ப ஜாயிண்ட்தான்! மூணையும் அவுத்து இறுக்கிட்டேன். நீங்க சொன்னது சரிதான்க்கா. பூமிக்காரங்ககிட்ட என் பேரச் சொல்லிட்டீங்களேன்னு ராத்திரி பூரா மொறச்சுக்கிட்டே படுத்திருந்தேன். மனசுல வச்சுக்காதீங்க."

என்னிடம் இன்னொரு ரோவர் இல்லை. நடந்து போக ஐந்து மணி நேரம் ஆகும். அவருக்குக் கொடுக்க என்னிடம் இருந்தது உண்மை ஒன்றுதான்.

"பரவாயில்ல, ஜெபா" என்றேன்.

நாள் 62, 14:25
அவர் மகள் பரீட்சை எழுதுவதைப் பற்றிப் பேசினார். பிறகு பேசவில்லை. ஆம்பிளிஃபையரில் ஒரு துளி இரைச்சல் இல்லை. ஒவ்வொரு மூச்சும் கேட்டது. கடைசி மூச்சு எது என்பதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. திருகின்மேல் என் கை இருந்தது, குறைக்கவில்லை.

நாள் 62, 15:10
பூமி, மிகத் தெளிவாக: "வசுமதி, ரொம்ப வருத்தமா இருக்கு. நீங்க தைரியமா இருங்க. ரிப்போர்ட்டுக்காக ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறோம். கோளாறு கேபிள் ஜாயிண்ட்லதானே இருந்துது?"

வெட்டிய கம்பித் துண்டு மேசைமேல் கிடக்கிறது. அரை விரல் நீளம்.

நான் ஆமாம் என்றேன்.